முற்பணம் கொடுக்கும் முன்



2020 மார்ச்சில் நமது நாட்டில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து வருடம் காத்திருந்தவர்கள் ஒன்றாகப் போய் நின்றால், விற்பவரின் கை ஓங்காமல் என்ன செய்யும்?

எருக்கலம்பிட்டி ராத்தா ஒருவரின் கதை இது. உம்மாவை மாதந்தோறும் அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வாடகை வான் கட்டுப்படியாகவில்லை. தன் காணியை விற்ற காசோடு, மச்சானுடன் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்.

காசு ராத்தாவுடையது. விற்பனை நிலையத்தில் பேசியதெல்லாம் மச்சானிடம்! "இன்றே ஐந்து இலட்சம் கட்டுங்கள், இரண்டு மாதத்தில் கார்" என்றார்கள். ஐந்து மாதம் போனது. பிறகு, "வேறு நிறம்தான் இருக்கிறது, ஆறு இலட்சம் கூட" என்றார்கள். முற்பணத்தைக் கேட்டால், "அது திரும்பாது." கையிலிருந்த பற்றுச்சீட்டில் காரின் விலையுமில்லை, தரும் திகதியுமில்லை.

"நகைக் கடையில் கல் எடை கழித்தார்களா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். இங்கே மட்டும் ஏன் வாயடைத்து நின்றோம்?" என்று வருந்தினார் ராத்தா. இன்றும் வாடகை வான்தான்.

ஆகவே சகோதரிகளே, காரின் மாதிரி, வருடம், நிறம், மொத்த விலை, தரும் திகதி அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வரியோ டொலரோ ஏறினால் கூடுதல் யார் தலையில்? கார் வராவிட்டால் முற்பணம் திரும்புமா? இவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977ஐ அழைக்கலாம்.

கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுதித் தரக் கேட்பதில் வெட்கம் எதற்கு?