உட்கார இடம் கேட்கும் துதி

கஷ்டத்துல கிடக்கிறவன் எதுக்குக் கடவுளைத் துதிக்கணும்? தோழர்கள் பலர் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்விதான். அடிபட்டவன் வாயை அடைக்க 'ஸ்தோத்திரம் சொல்லு' என்று பழக்கிவிட்ட போதகர்கள் ஏராளம். ஆனால் அடிபட்ட மறுநாளும் சங்கீதம் பாடுகிற நம்ம ஆத்தாமார்களை 'ஏமாந்த சனங்க' என்று தள்ளிவிடுகிறோமே, அவர்கள் எதைப் பாடுகிறார்கள் என்று காது கொடுத்திருக்கிறோமா?

113ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்ததை நினைத்து யூதர்கள் பஸ்கா இரவில் பாடும் ஆறு பாட்டுகளில் முதல் பாட்டு இது. செங்கல் அறுத்த கொத்தடிமைகளின் வம்சம் பாடுவது. செங்கல் சூளை எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைதாவதற்கு முன் இயேசுவும் சீடர்களும் பாடியது இந்த வரிசைப் பாட்டாகவே இருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. சாவு வாசலில் நிற்கும்போது பாடிய துதி!

பாட்டு என்ன சொல்கிறது? வானத்துக்கும் மேலே இருக்கிற கடவுள் குனிந்து பார்க்கிறார். அரண்மனையை அல்ல, புழுதியை, குப்பைமேட்டை. அங்கே கிடப்பவனைத் தூக்குகிறார். தூக்கி, 'அழாதே' என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவில்லை. பிரபுக்களோடு சரிசமமாக உட்கார வைக்கிறார். பிள்ளையில்லை என்று இழிவுபட்ட பெண்ணையும் அவள் வீட்டில் உரிமையோடு உட்கார வைக்கிறார். எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் 'உட்கார வைப்பது' என்ற ஒரே வினைதான்.

உட்காருவதுதானே நம்ம ஊரில் தகராறு! டீக்கடை பெஞ்சிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி வரைக்கும். ஏன், கோவிலுக்குள்ளேயே. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, கலந்து உட்கார மாட்டோம் என்று வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெளியே போனவர்கள் யார்? சங்கீதம் பாடிய கிறிஸ்தவர்கள்தான். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் வைத்தவர்களும் பாடியவர்களே. அந்த வாயில் இந்தப் பாட்டு வெறும் சத்தம்.

அரசாங்கம் மட்டும் சளைத்ததா? 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளையும் சேர்க்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. கதவு அசையவில்லை. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கிய தலித்துக்குச் சேரிதான் வீடு, இழிவும் அதேதான். ஆனால் தனித்தொகுதியில் நின்று ஜெயித்து உட்கார மட்டும் அவனுக்கு உரிமை கிடையாது.

எனவே இந்தத் துதி சமாதானப் பாட்டு அல்ல. உட்கார இடம் இருக்கிறது, கடவுளே போட்டு வைத்திருக்கிறார், நீங்கள் மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று சொல்கிற பாட்டு. நம்ம சனத்துக்கு நம்பிக்கை அதிலிருந்துதான் வருகிறது. ('ஆசீர்வாத' மேடைகளில் இதையே காரும் பங்களாவும் கிடைக்கிற மந்திரமாக்கி விற்கிறார்கள். அது வேறு வியாபாரம்.) மதுரை இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுக் கட்டி, ஒரே உலைச் சோற்றை எல்லாரும் பகிர்ந்து தின்பதை இறையியலாகப் பேசினார். துதியை மறுபடி மண்ணுக்கு இறக்கிய வேலை அது.

அடுத்த முறை சேரிக் கூட்டத்தில் ஒரு அம்மா இதைப் பாட ஆரம்பித்தால் முகம் சுளிக்காமல் கேளுங்கள், தோழர்களே. முடிந்ததும், 'எந்த எடத்துல உக்காரணும்மா?' என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் கையை நீட்டினாலும் நீட்டுவார்.