சத்தமில்லாத படகு

கனடா தேசத்தின் மேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் வான்கூவர் தீவின் வடகிழக்கே, ஜான்ஸ்டன் ஜலசந்தியின் குளிர்ந்த நீரில் கயாக் என்னும் ஒடுங்கிய படகைத் துடுப்பால் செலுத்திச் செல்வோர், எஞ்சின் இரைச்சலும் எண்ணெய்க் கசிவும் இல்லாத தம் வாகனத்தால் அங்குள்ள ஜீவராசிகளுக்கு எந்த உபத்திரவமும் இல்லை என்று திருப்தியடைவது வழக்கம். அந்தத் திருப்தியில் முழுமனதுடன் பங்குகொள்ள என்னால் இயலவில்லை. ஆர்க்டிக் பிரதேசத்து இனூயிட் மக்கள் மரச் சட்டத்தின்மீது சீல் தோலைப் போர்த்தி இப்படகை உண்டாக்கியதே, இரை அறியாவண்ணம் நெருங்கிப் போய் எறியீட்டியை வீசுவதற்காகத்தான். தூரத்திலேயே சத்தம் கேட்டுவிடுகிற மோட்டார்ப் படகை எதிர்கொள்ளச் சீல்களுக்குச் சிறிது அவகாசமாவது உண்டு. பாறை முனையைச் சுற்றிக்கொண்டு திடீரென்று கயாக் தலைகாட்டும்போதோ, வெயில் காய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, மறுகணமே வயிற்றால் உந்திச் சறுக்கித் தண்ணீரில் விழ, சில வேளைகளில் குட்டி மட்டும் பாறைமேல் தனித்துப் போய்விடுகிறது. (அதையும் ரம்மியமான காட்சியென்று படமெடுப்பவர்கள் உண்டு!) ஓர்க்காத் திமிங்கிலங்கள் கரையோரக் கூழாங்கற்களில் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வரும் ராப்சன் பைட் என்னும் சிறு வளைகுடா 1982-இல் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாயிற்று, அதனுள் துடுப்புப் படகும் வரலாகாது என்று கேட்டுக்கொள்வதை மிகையான கண்டிப்பு என்பாரும் உளர், எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது, சவாரிக்கு வேண்டிய மட்டும் ஜலசந்தி வெளியே நீண்டு கிடக்கிறதே.