பாட்டி இருந்தால் போதுமாம்

தீபாவளி, பொங்கல் என்று எந்தப் பண்டிகைக்குத் தொலைக்காட்சியைப் போட்டாலும் பட்டிமன்ற மேடையில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார்: "கூட்டுக் குடும்பம் இருந்த வரைக்கும் கவுன்சலிங் எதுக்குங்க? வீட்டுக்கு ஒரு பாட்டி இருந்தாங்க!" வருடக்கணக்காக இதே வசனம், இதே கைதட்டல். பாட்டியை எதிர்த்து எவன் பேசுவான் என்கிற தைரியம். முதலில், இது வரலாறே இல்லை. சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் தொடங்கியது 1794-ல். கீழ்ப்பாக்கத்துக்கு அது இடம் மாறியது 1871-ல். அன்றைக்குக் கூட்டுக் குடும்பங்களுக்கும் குறைவில்லை, பாட்டிகளுக்கும் பஞ்சமில்லை. அது நோய் முற்றியவர்களுக்கு, நாங்கள் சொல்வது சாதாரண மனக்கஷ்டத்தை என்பார்கள். சரி, மனக்கஷ்டத்துக்கே வருவோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். காரணங்களில் முதலிடம், 31.7 சதவீதம், குடும்பப் பிரச்சினைக்கு. அதுவும் திருமணம் தொடர்பானவற்றைத் தனியே கழித்த பிறகு. மேடையில் மருந்து என்று காட்டப்படுவது இங்கே நோய்க் காரணமாக நிற்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வளர்ந்த மனிதரின் துயரத்தில் பெரும்பாலும் வீட்டார் ஒரு தரப்பு. தூக்கம் வராத மருமகள் அதன் காரணத்தை மாமியாரிடமா சொல்வாள்? பாகப்பிரிவினையில் மனமுடைந்த தம்பிக்கு அண்ணனா ஆறுதல்? குடும்பம் காதுகொடுத்தாலும், கேட்டு முடித்ததும் தருகிற தீர்ப்பு தயாராகவே இருக்கிறது: "அனுசரிச்சுப் போம்மா", "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாப் போயிடும்." மாலைக்குள் விஷயம் ஒன்றுவிட்ட சித்தி வரைக்கும் போய்விடும். உளவியல் ஆலோசகரோ, உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகள் தவிர எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டியவர். தன் உறவினருக்கும் நண்பருக்கும் சிகிச்சை தரக்கூடாது என்பது அந்தத் தொழிலின் ஒழுங்கு. அவர் வேற்றாள் என்பதுதான் அவருடைய பலமே.

இன்னொன்று, அன்பு மட்டும் குணப்படுத்திவிடுவதில்லை. சில நேரம் நோயை வளர்க்கவும் செய்கிறது. பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறவருக்குப் பாசமுள்ள குடும்பம் என்ன செய்யும்? "நீ போக வேணாம், நான் போறேன்" என்னும். பயம் இன்னும் ஆழமாக வேர்விடும். ஆலோசகர் நேரெதிராகச் செய்கிறார்: நிறுத்தத்தில் நிற்பது, ஒரு நிறுத்தம் மட்டும் போவது, பிறகு இரண்டு என்று படிப்படியாக அந்தப் பயத்தோடு பழக்குகிறார். முடங்கிக் கிடப்பவருக்கு நாளுக்கொரு சிறு வேலையைக் குறித்துத் தருகிறார். தன்னைப் பற்றி நோயாளி சொல்லிக்கொள்கிற தீர்ப்புகளை ஆதாரம் கேட்டுச் சோதிக்கிற முறையை மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கினார். இதெல்லாம் பயிற்சியால் வருகிற தொழில். வெற்றிலை மெல்லும்போது வருவதல்ல.

காசு வாங்கிக்கொண்டு கேட்கிறார்களாம். பல் டாக்டர் மட்டும் இலவசமாகவா பிடுங்குகிறார்? மேற்கத்திய இறக்குமதியாம்; இதைச் சொல்வதற்கு அவர்கள் பிடித்திருக்கிற மைக்கும்தான். போலிகள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள். படிப்பையும் பதிவையும் கேட்டுவிட்டுப் போங்கள். காசில்லாதவர் 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பாட்டி போதும் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று: நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறாதிருந்தார்கள். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு அது.