ஒரு ரோபோ... எத்தனை விலை!



ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள், எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "சார், அந்தப் பொம்மைக் கடைக்காரர் பெரிய திருடர்!" என்றான்.

என்னடா விஷயம் என்று கேட்டேன். ஜப்பான் கார்ட்டூனில் வருகிற 'கண்டம்' என்ற ரோபோவின் மீது அவனுக்குக் கொள்ளை ஆசை. (ஜோசியர் சொல்லும் கண்டம் இல்லை, பயப்படாதீர்கள். அந்த ரோபோவின் பெயரே அதுதான்.) இந்தப் பொம்மை முழுதாக வராது. பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் கை, கால், தலை, கவசம் என்று துண்டு துண்டாக இருக்கும். வெட்டி எடுத்து, நாமேதான் பொருத்த வேண்டும். ஜப்பானில் அவன் கேட்கும் பெட்டியின் விலை 2,000 யென். ஒரு யென்னுக்கு 60 காசு என்று போட்டு, 1,200 ரூபாய் என்று கணக்குப் பண்ணியிருக்கிறான். உண்டியலை உடைத்தால் 1,350 ரூபாய் இருந்தது. ஆசையோடு கடைக்குப் போனால் விலை 3,800 ரூபாய்! கோபம் வராமல் இருக்குமா?

எனக்குக் கரும்பலகையும் சாக்பீசும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

பொம்மை விலை 1,200. அது கடல் தாண்டி வருவதற்குச் செலவு 300 என்று வைத்துக்கொள்வோம். ஆக 1,500. அடுத்து சுங்கவரி. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு நம் நாட்டில் 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி, 2020ல் 60 ஆகி, 2023ல் 70 ஆனது. அந்த 70 சதவீதப்படி போட்டால் வரி 1,050 ரூபாய். கவனித்தீர்களா? 1,200க்கு வரி போடவில்லை, 1,500க்குப் போட்டோம். பொம்மை பயணம் செய்த செலவுக்கும் சேர்த்துத்தான் சுங்கவரி! இப்போது 2,550 ஆகிவிட்டது. இனி சரக்கு சேவை வரி, இறக்குமதி செய்தவரின் லாபம், கடை வாடகை, கடைக்காரரின் லாபம்... மொத்த வியாபாரிக்கு ஜப்பானில் கொஞ்சம் குறைவான விலைக்கே கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்தாலும் கடைக்காரர் திருடர் இல்லை. கொஞ்சம் ஆசைக்காரர், அவ்வளவுதான்.

'வரியை ஏன் இப்படி ஏற்றினார்கள்?' என்று பையன் கேட்டான். உள்நாட்டில் பொம்மை செய்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமானது. மட்டமான பொம்மைகளால் குழந்தைகளுக்குக் கெடுதல் வரக் கூடாதே! இரண்டும் நல்ல நோக்கம்தான். ஆனால் கண்டம் கேட்கிற பிள்ளைக்குத் தலையாட்டிப் பொம்மையைக் கொடுத்தால் சமாதானம் ஆவானா என்பது வேறு விஷயம்.

இந்தக் கவலை அவன் ஒருவனுக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். ஜப்பானுக்கு வெளியே ரோபோ பொம்மை சேர்ப்பவர்கள் எல்லாரும் எத்தனையோ ஆண்டுகளாக இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1974ல் 'போப்பி' என்ற ஜப்பான் கம்பெனி, 'மாஜிங்கர் இசட்' என்ற கார்ட்டூன் ரோபோவைத் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்து விற்றது. 'சோகோகின்' என்று அதற்குப் பெயர். 'மகா உலோகம்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். கையில் எடுத்தால் கனமாக, ஜில்லென்று இருக்கும். முஷ்டி தனியாகப் பாய்ந்து போகும்! அதன் பிறகு 1980ல் 'தகாரா' கம்பெனி 'டயாகுளோன்' என்ற வரிசையைக் கொண்டு வந்தது. கார் ரோபோவாக மாறும், லாரி ரோபோவாக மாறும். 1983ல் அதே கம்பெனி, பாட்டுக் கேட்கிற கேசட் பிளேயர் ரோபோவாக மாறும் பொம்மையையும் செய்தது. (கேசட் என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) அமெரிக்கக் கம்பெனியான 'ஹாஸ்ப்ரோ' இந்த இரண்டு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, பெயரை மாற்றி, 1984ல் விற்க ஆரம்பித்தது. அவைதான் நீங்கள் சினிமாவில் பார்த்துக் கைதட்டுகிற 'டிரான்ஸ்பார்மர்ஸ்'!

அமெரிக்கப் பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. 'இதற்குத் தாய்வீடு ஜப்பானாமே, அங்கே இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ?' என்று தேடத் தொடங்கினார்கள். அப்போதே ஆரம்பித்தது விலைப் பிரச்னை.

முதல் சிக்கல், யென். 1985 தொடக்கத்தில் ஒரு டாலர் கொடுத்தால் சுமார் 250 யென் கிடைத்தது. ஜப்பானில் 10,000 யென் விலையுள்ள பொம்மை, அமெரிக்கருக்கு 40 டாலர். 2011ல் ஒரு டாலருக்குக் கிடைத்தது சுமார் 76 யென்தான். அதே 10,000 யென் இப்போது 131 டாலர்! 2024 ஜூலையில் ஒரு டாலர் 160 யென்னைத் தாண்டியது. மறுபடியும் விலை 62 டாலருக்கு இறங்கிவிட்டது. பொம்மை அதே பொம்மைதான். அதன் கையும் காலும் வளரவில்லை. நடுவில் இருக்கும் நாணயக் கணக்குதான் வளர்ந்தது, தேய்ந்தது. விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் பொம்மை விலையைப் பார்ப்பதற்கு முன் யென் விலையைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, பெட்டி. கூரியர் கம்பெனிகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். 40, 30, 25 என்று ஒரு பெட்டி. பெருக்கினால் 30,000. வகுத்தால் 6. உள்ளே இருப்பது இரண்டு கிலோ பிளாஸ்டிக்தான். ஆனாலும் ஆறு கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும்! வெறும் காற்றுக்கு நாலு கிலோ கட்டணம். அதனால்தான் அனுபவசாலிகள், 'வெளிப்பெட்டியைச் சின்னதாகக் கட்டுங்கள்' என்று கெஞ்சுவார்கள். உலோகப் பொம்மை என்றால் எடையும் சேர்ந்துகொள்ளும். கப்பல் தபாலில் கட்டணம் குறைவு. ஆனால் ஒரு மாதமோ இரண்டு மூன்று மாதமோ காத்திருக்க வேண்டும்.

பல ஜப்பான் கடைகள் வெளிநாட்டுக்கு அனுப்புவதே இல்லை. அதற்காக அங்கே இடையில் ஆள் வைத்து வாங்குகிறார்கள். அவர் வாங்கி, சேர்த்து வைத்து, ஒரே பெட்டியாக அனுப்புவார். அதற்கு ஒரு கூலி. நாலு பொம்மையை ஒன்றாக அனுப்பினால் தபால் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டால், மொத்த மதிப்பு கூடி சுங்கத்தில் மாட்டும். அமெரிக்காவில் 2016 முதல் 800 டாலர் வரையுள்ள பார்சல்களுக்கு வரி விலக்கு இருந்தது. 2025 ஆகஸ்டு 29ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் இப்போது நம் பையனைப் போலத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்!

இதுவரை சொன்ன செலவுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. விமானம் பறக்கிறது, கப்பல் மிதக்கிறது, அரசாங்கம் வரி வாங்குகிறது, கட்டியவர் கூலி வாங்குகிறார். நான் பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று.

சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொம்மையிலும் அவர்கள் உண்டு. புதுப்பெட்டி கடைக்கு வரும் அன்று காலையிலேயே போய் நின்று, இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்வார்கள். மறுநாள் அதையே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு இணையத்தில் விற்பார்கள். அவர்களுக்கு ரோபோ மீது ஆசையே கிடையாது. பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2020க்குப் பிறகு ஜப்பானில் இது மிகவும் அதிகமாகி, அங்கேயே பிள்ளைகளுக்குக் கண்டம் கிடைக்காமல் போனது. 'ஆளுக்கு ஒன்றுதான்' என்று கடைகள் கட்டுப்பாடு வைத்தன. சில கடைகளில் பணம் வாங்கும்போதே உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கொடுத்தார்கள். உறை கிழிந்தால் புதுசு என்று சொல்லி விற்க முடியாதல்லவா? நல்ல யோசனை!

கண்டத்துக்கு இந்தத் தலைவலி புதிதும் அல்ல. அந்தக் கார்ட்டூன் 1979ல் தொடங்கியபோது அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. 1980 ஜனவரியிலேயே முடித்துவிட்டார்கள். அந்த ஜூலையில் 'பண்டாய்' கம்பெனி அதன் சின்ன மாடலை 300 யென்னுக்கு வெளியிட்டது. மறு ஒளிபரப்பும் சேர்ந்துகொள்ள, பிள்ளைகள் பைத்தியமாகிவிட்டார்கள். கடைக்காரர்கள் சிலர், விற்காமல் தூசி படிந்த வேறு மாடலையும் சேர்த்து வாங்கினால்தான் கண்டத்தைத் தருவேன் என்றார்கள். (நமக்கும் பழக்கமான வியாபாரம்தான்!) 1982 ஜனவரியில் சிபா பகுதியில் ஒரு கடையில், முண்டியடித்து ஓடிய பிள்ளைகள் நகரும் படிக்கட்டில் விழுந்து பலர் காயப்பட்டார்கள். ஒரு 300 யென் பொம்மைக்காக!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த 1980ஆம் ஆண்டு மாடலைப் பல பத்தாண்டுகள் கழித்தும் அதே அச்சில் வார்த்து விற்றார்கள். அன்று கிடைக்காமல் அழுதவர், தலை நரைத்த பிறகு சாவகாசமாகக் கடைக்குப் போய் வாங்கலாம். அச்சு பத்திரமாக இருக்கும்வரை, பெரும்பாலான மாடல்களைக் கம்பெனி மீண்டும் மீண்டும் தயாரிக்கும். மறு தயாரிப்பு வந்தவுடன், மூன்று மடங்கு விலைக்குப் பதுக்கி வைத்திருந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். நானாக இருந்தால் அவரிடம் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க மாட்டேன். இரண்டு வருடம் ஆனாலும் சரி.

அதற்காக, பாதி விலைக்கு எங்காவது கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடவும் கூடாது. ஜப்பான் விலையை விடவும் குறைவாக இங்கே விற்றால் அது பெரும்பாலும் போலி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பொருத்தினால் மூட்டுகள் தொளதொளவென்று ஆடும், இல்லாவிட்டால் உடையும். பழைய பொம்மை வாங்குவது கேவலம் என்றும் நினைக்காதீர்கள். டோக்கியோவில் 'நகானோ பிராட்வே' என்று ஒரு கட்டடம். அதற்குள் வரிசையாகக் கண்ணாடி அலமாரிகளில் பழைய ரோபோக்கள்தான். 'பெட்டி நசுங்கியிருக்கிறது', 'ஒரு வாள் இல்லை' என்று குறையைச் சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள். நசுங்கிய பெட்டிக்குள் இருக்கும் ரோபோ நசுங்கியா போய்விட்டது?

இன்னொன்று. இணையத்தில் வாங்குவதென்றால் பெரியவர்கள்தான் வாங்க வேண்டும். அப்பாவின் கார்டு எண்ணை நீங்களாகத் தட்டி வைக்காதீர்கள். சுங்கவரி எவ்வளவு என்பது பொம்மை வாசலுக்கு வந்த பிறகுதான் சில நேரம் தெரியும். அதைக் கட்டப்போவது நீங்கள் இல்லை.

சரி, நம் பையனுக்கு வருவோம். மறுநாள் அவன் கடைக்குப் போய், 'அடுத்த சரக்கு எப்போது வரும்?' என்று மரியாதையாகக் கேட்டானாம். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அவரும் சின்ன வயதில் ரோபோ சேர்த்தவராம்!

அன்று முதல் அவன் வீட்டுச் சுவரில் ஒரு கிராப் தாள் தொங்குகிறது. நீலக் கோடு கடை விலை. சிவப்புக் கோடு உண்டியல் பணம். மாதக் கடைசியில் இரண்டு புள்ளி வைக்கிறான். புதுச் சரக்கு வந்ததில் ஜூலைக் கடைசியில் நீலம் 3,500க்கு இறங்கியிருக்கிறது. சிவப்பு 1,900க்கு ஏறியிருக்கிறது. இரண்டு கோடும் தீபாவளிக்குச் சந்தித்துவிடும் என்கிறான் அவன். இதே வேகத்தில் போனால் பொங்கல் ஆகும் என்கிறேன் நான். யார் கணக்கு சரி என்று நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்களேன்!