குஞ்சைக் கொன்றது குளிரா?

மார்கழி மாதத்து விடியற்காலையில் சேந்தமங்கலத்தில் நின்று கொல்லிமலையைப் பார்த்திருக்கிறீர்களா? மலையின் தலை தெரியும். இடுப்புக்குக் கீழே வெள்ளைப் பனிமூட்டம். அந்த நேரத்தில் ஊரைச் சுற்றி நடந்தால் இன்னொரு காட்சியும் கண்ணில் படும். கோழிக் கொட்டகைகளில் தரையிலிருந்து கூரை வரை சாக்குப் படுதா தொங்கும். ஆட்டுப்பட்டியின் படலைச் சுற்றிப் பாலிதீன் தாள் கட்டியிருக்கும். கட்டுத்தறிக்குள்ளே புகைமூட்டம். வீட்டுத் தோட்டத்து நாற்றங்கால்கூடத் தார்ப்பாய்க்குள் ஒளிந்திருக்கும். ஏன் என்று கேட்டால், “குளிர் காலமல்லவா? அடைத்து வைக்காவிட்டால் செத்துப்போகும்” என்பார்கள்.

இந்த வழக்கத்தில் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. நம் ஊர்க் குளிரைவிட, குளிருக்குப் பயந்து நாம் செய்யும் காரியந்தான் பல இடங்களில் உயிரைக் குடிக்கிறது.

நான் உங்கள் வயதில் இருந்தபோது எங்கள் வீட்டு நாட்டுக்கோழி 13 குஞ்சுகள் பொரித்தது. மார்கழி மாதம். வழக்கமாகக் கவிழ்க்கும் மூங்கில் பஞ்சாரத்தில் சந்து சந்தாக இருக்கிறதே, காற்று புகுமே என்று எண்ணி, தாயையும் குஞ்சுகளையும் ஒரு மரப்பெட்டிக்குள் விட்டுத் தகரத்தால் மூடி, மேலே தார்ப்பாயையும் போர்த்தினேன். உள்ளே பரப்பிய வைக்கோல் சற்று ஈரம். காலையில் திறந்தபோது கண் எரிந்தது. தகரத்தின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. 4 குஞ்சுகள் செத்துக் கிடந்தன. பாட்டி பார்த்துவிட்டு, “குளுருல செத்துப் போச்சு கண்ணு. இன்னொரு சாக்குப் போட்டிருக்கோணும்” என்றார். அன்றிரவு இன்னொரு சாக்கும் போட்டேன். மறுநாள் மேலும் 2 குஞ்சுகள் போயின.

அந்தக் குஞ்சுகளைக் கொன்றது எது? முதலில் நம் குளிரை அளந்து பார்ப்போம். நாமக்கல் வட்டாரச் சமவெளியில் மார்கழி, தை விடியலில் வெப்பநிலை பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும். சில நாள் அதற்கும் கீழே இறங்கும். வளர்ந்த முட்டைக் கோழிக்கு மிகவும் சுகமான வெப்பநிலை எது தெரியுமா? 18 முதல் 24 டிகிரி வரை! நமக்குப் பல் கிட்டும் அதே விடியல் கோழிக்கு ஆனந்தமான பொழுது. அதற்கு ஆபத்தான காலம் சித்திரை, வைகாசி வெயில்தான். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை தரும் நாமக்கல் பண்ணைகளில், கூண்டுக் கொட்டகைகளைப் பக்கச் சுவர் இல்லாமல் உயரத்தில் கட்டியிருப்பது காரணமில்லாமல் அல்ல.

ஆனால் குஞ்சின் கதை வேறு. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பொரித்த குஞ்சின் எடை சுமார் 40 கிராம். தாயின் எடை 1,600 கிராம் என்று கொள்வோம். எடை 40 மடங்கு. ஆனால் உடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 12 மடங்குதான். (எடை நீளத்தின் கனத்தைப் பொறுத்தது; பரப்பு நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உங்கள் கணக்கு ஆசிரியரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியுடன் விளக்குவார்.) அதாவது, ஒவ்வொரு கிராம் உடலுக்கும் குஞ்சு தாயைப்போல மூன்று மடங்குக்கு மேல் தோலைக் காற்றில் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் இருப்பதும் இறகல்ல, வெறும் பஞ்சுத் தூவி. ஆகவேதான் முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். தாயின் சிறகோ, மின்சார பல்போ அதைத் தரவேண்டும். வெப்பம் போதுமா என்று பார்க்கத் தெர்மாமீட்டர்கூட வேண்டியதில்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. பரவலாகத் திரிந்தால் சரியான அளவு.

பாட்டி சொன்னதில் சரியான பாதி இதுதான்: குட்டிக்கும் குஞ்சுக்கும் வெப்பம் வேண்டும். ஆனால் வெப்பம் கொடுப்பது வேறு, காற்றை அடைப்பது வேறு.

உடலிலிருந்து வெப்பம் எந்தெந்த வழியில் வெளியேறுகிறது? கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆவியாதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் சலனத்தை, அதாவது காற்றை மட்டுமே எதிரியாகப் பார்க்கிறோம். மேகமில்லாத மார்கழி இரவில் பெரிய திருடன் கதிர்வீசல்தான். புல், செடி, ஆடு, தகரக்கூரை எல்லாம் தங்கள் வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கின்றன. வானம் திருப்பித் தருவது மிகக் குறைவு. அதனால்தான் புல்லின் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அதில் பனித்துளி படிகிறது. புளியமரத்தடியில் உள்ள புல்லைக் காலையில் தொட்டுப் பாருங்கள். அங்கே பனித்துளி இராது, இருந்தாலும் சொற்பமே.

இந்த உண்மையை அழகாகச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் லண்டன் மருத்துவர். பனித்துளி பற்றிய அவருடைய நூல் 1814இல் வெளிவந்தது. இரவில் தோட்டத்துப் புல்லின்மேல் நான்கு குச்சிகளை நட்டு, ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்துக் கட்டினார். நாற்புறமும் காற்று தாராளமாகப் போய்வந்தது. இருந்தும், கைக்குட்டைக்குக் கீழே இருந்த புல், திறந்த வெளிப் புல்லைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது! மெல்லிய பாயை விரித்துச் செடிகளைக் காக்க முயலும் தோட்டக்காரர்களைப் பார்த்துத் தாம் முன்பு சிரித்ததை அவரே அந்நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். படித்தவர்கள் இப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம்.

அந்தக் கைக்குட்டைக்குச் சுவர் கிடையாது, கூரைதான் உண்டு. தென்னங்கீற்றுக் கூரையின் அருமை இங்கேதான் விளங்கும். தகரம் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும். உள்ளே உள்ள உயிர்களின் மூச்சு ஈரம் அதன் அடிப்புறத்தில் நீராகப் படிந்து சொட்டும். என் பெட்டியில் சொட்டியதும் அந்த நீர்தான். தகரக்கூரை உள்ளவர்கள் அதன்மேல் கீற்றைப் பரப்பினாலே போதும்.

அடுத்த எதிரி ஈரம். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அப்போதுதான் பிறந்த 2 கிலோ எடையுள்ள சேலம் கருப்பு ஆட்டுக்குட்டியின் உடம்பில் 50 கிராம் ஈரம் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். அது உலர்வதற்கு 29,000 கலோரி ஆகும். அத்தனையும் குட்டியின் உடலிலிருந்தே போனால் அதன் வெப்பநிலை 17, 18 டிகிரி இறங்கிவிடும்! நல்ல வேளையாக, தாய் ஆடு நக்கி உலர்த்திவிடுகிறது. நக்காத தாயாக இருந்தால், பழந்துணியால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைப்பது பத்துச் சாக்குப் படுதாவுக்குச் சமம். படுக்கும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் தரை கடத்தல் மூலம் வெப்பத்தை உறிஞ்சும். மூத்திரம் கீழே வடிந்துவிடும் பரண்மேல் ஆடு வளர்ப்பவர்கள்கூடக் குட்டிகளுக்கு ஒரு மூலையில் வைக்கோல் மெத்தை போடுவது நல்லது. மாட்டைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அதன் வயிறே ஓர் அடுப்பு. மாலையில் போடும் சோளத்தட்டு இரவெல்லாம் அங்கே நொதித்து வெப்பம் தருகிறது.

இனி என் கண்ணை எரித்தது எது என்று பார்ப்போம். கோழி எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஈரம் பட்டால் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நம் மூச்சுக்குழலில் இருப்பது போலவே கோழியின் மூச்சுக்குழலிலும் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் உண்டு. அம்மோனியா அவற்றை முடமாக்கிவிடும். பிறகு எந்தக் கிருமியும் நுரையீரலுக்குள் தாராளமாக நுழையலாம். காற்றின் பத்து லட்சம் பங்கில் அம்மோனியா 25 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது கோழி வளர்ப்பில் பொதுவான கணக்கு. கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்கள் கண் கரித்தால், அங்கே 24 மணி நேரமும் இருக்கும் குஞ்சின் நிலை என்ன? சளி பிடித்துச் சாகிறது. நாம் குளிரில் செத்ததாகச் சொல்லி இன்னொரு சாக்கைப் போடுகிறோம்.

“கால்நடை மருத்துவர்களே குளிர்காலத்தில் படுதா கட்டச் சொல்கிறார்களே?” என்று நீங்கள் கேட்கலாம். ஆம், கட்டத்தான் வேண்டும். வாடைக்காற்று நேராகக் குஞ்சின்மேல் அடிக்கக் கூடாது. ஆனால் அடியிலிருந்து மேலே கட்டி, கூரையை ஒட்டி ஓரடியாவது திறந்து விடவேண்டும். சூடான ஈரக் காற்று மேலே எழும்பி அந்த வழியே போய்விடும். வெயில் ஏறியதும் படுதாவைச் சுருட்ட வேண்டும். உமியையோ கடலைத்தோலையோ அன்றாடம் கிளறி உலர வைக்கவேண்டும். மின்சாரம் போன இரவில் கரியடுப்பை உள்ளே வைத்து மூடுவது மட்டும் ஒருக்காலும் கூடாது. மலை ஊர்களில் அறையை அடைத்துக் கரி மூட்டித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்ஸைடால் மாண்ட செய்திகளை நாளேட்டில் படித்திருப்பீர்கள்.

நம்மைவிடக் குளிர் மிகுந்த நாட்டில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற மாநிலம் பால் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும். அங்கும் பல பண்ணைகளில் கன்றுகளை வெளியே, முன்புறம் திறந்திருக்கும் தனித்தனிக் கூண்டுகளில், பனிக்கு நடுவில் வளர்க்கிறார்கள். மேலே கூரை, கீழே கால் மறையும் அளவுக்கு உலர்ந்த வைக்கோல், வழக்கத்தைவிட அதிகப் பால். அவ்வளவுதான். காற்றோட்டமில்லாத கொட்டகைக் கன்றுகளைவிட இவற்றுக்கு நுரையீரல் நோய் குறைவு.

செடிகளுக்கும் நியாயம் ஒன்றே. அவரையும் முட்டைக்கோசும் இந்தக் குளிரை விரும்புகின்றன. (மல்லிகைதான் அடம் பிடிக்கும், தை முகூர்த்தத்தில் பூ விலை ஏறுவது அதனால்தான்.) தக்காளி, கத்தரி நாற்றைத் தார்ப்பாயால் மூடி, மாலையில் நீரும் ஊற்றினால் மண் ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடித்து, நாற்றழுகல் நோயில் நாற்று அடியோடு சாயும். காலையில் நீர் விடுங்கள். இரவில் நான்கு குச்சியின்மேல் ஒரு கீற்று, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மேகமில்லாத, காற்றடங்கிய ஓர் இரவில் வெட்டவெளியில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வைக்கோலின்மேல் வையுங்கள். ஒன்றின் மேலே மட்டும் நான்கு குச்சி நட்டு, ஒரு பழைய வேட்டித் துண்டைக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். சூரியன் எழுமுன் போய் இரண்டையும் விரலால் துடைத்துப் பாருங்கள். மேகம் மூடிய இரவிலும் ஒருமுறை செய்யுங்கள். அன்று இரண்டு தட்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பாட்டியும் “இன்னிக்குக் குளுரே காணோம்” என்பார்.