யார் சண்டாளன்?

“அட சண்டாளா!” கதையில், சினிமாவில், திண்ணையில் எல்லா எடத்துலயும் இதே வசவு. கேட்டால், ‘சும்மா ஒரு பேச்சுக்குத்தான், சாதிய நெனச்சு சொல்லலீங்க’ என்கிறார்கள். நீங்க எதுக்கு நெனைக்கணும்? மனு நினைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறானே! சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன், மனிதரில் கடைசி, ஊருக்கு வெளியே கிடக்க வேண்டியவன் என்கிறது மநுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம். சாதி கலந்துவிடும் என்கிற அந்தப் பயம்தான் உங்கள் வாயில் வசவாகப் புரள்கிறது. (எம்.ஏ. வகுப்பில் இதை வடசொல் என்றார்கள், அத்தோடு சரி.)

தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் இன்றைக்கும் ‘சண்டாளா’ ஒரு பெயர். ஒரு ஆதிக்கசாதிக்காரன் இன்னொரு ஆதிக்கசாதிக்காரனை இப்படி வைகிறான். வைதவனும் வாங்கினவனும் பட்டியலுக்கு வெளியே. அடி விழுந்தது எங்க மேல. கொலைகாரனைக் கொலைகாரன்னு சொல்ல வாய் வலிக்குதா?