சீனி இறங்கவில்லை என்று கிளினிக்கை விடவேண்டாம்

சம்பளம், காணி உறுதி, யானைத் தொல்லை என்று நமது மல்லாவிக் கூட்டங்களில் வழமையாகப் பேசப்படும் விடயங்களோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. “தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டாச்சு. சோற்றைக் குறைச்சாச்சு. இரவில் குரக்கன் ரொட்டிதான். விடிய எழும்பி நடக்கிறோம். ஆனால் இரத்தம் சோதித்தால் சீனி அப்படியே நிற்கிறது. பிறகு எதற்கு இந்தப் பாடு?” என்று தோழர்களும் தாய்மார்களும் கேட்கிறார்கள்.

மலையகத்து லயங்களில் இருக்கும் நமது உறவுகளும் இதையே கேட்கிறார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கும், அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கும் பொதுவான துன்பங்களில் சீனி வருத்தமும் ஒன்றாகிவிட்டது. 2005–2006 காலத்தில் நாட்டின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தமக்கு வருத்தம் இருப்பதே அதுவரை தெரியாது. அந்தக் கணக்கில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை.

இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்ய முடியாது. மனம் வெறுத்தவர் முதலில் நடையை விடுகிறார். பிறகு குளிசையை விடுகிறார். கடைசியில், தாதியிடம் பேச்சு வாங்க வெட்கப்பட்டுக் கிளினிக்கையே விடுகிறார். சில வருடங்கள் கழித்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போவது காலில் ஆறாத புண்ணோடு, அல்லது மங்கிய கண்ணோடு. ஆகவே, பாடுபட்டும் எண் குறையாததற்குக் காரணம் என்ன என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

“வேலை செய்கிற உடம்புக்குச் சீனி வராது” என்று நம்மில் பலர் நம்புகிறோம். உழைப்பு நல்லதுதான். ஆனால் இந்த வருத்தத்தின் வேர் சில வேளை நாம் பிறக்குமுன்பே ஊன்றப்பட்டுவிடுகிறது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜேர்மன் படைகளின் தடையால் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, சீனியைக் கையாளும் சக்தி அவர்களுடைய உடலில் குறைந்திருந்தது. 1973–74இல் நமது தோட்டங்களிலும் பட்டினிச் சாவுகள் நடந்தன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை வன்னி மக்கள் அனுபவித்தார்கள். நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் வீதம் நாட்டிலேயே தோட்டப்புறத்தில்தான் அதிகம். இந்த வரலாற்றைச் சுமந்து வந்த உடம்பிடம், “நீ வாயைக் கட்டவில்லை” என்று மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

அப்படியானால் உணவுக் கட்டுப்பாடும் நடையும் வீணா? இல்லை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கெடுத்தார்கள். மூன்று வருட முடிவில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 வீதமானோருக்கு வருத்தம் வந்துவிட்டது. உணவையும் நடையையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்க வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 வீதமாக இருந்தது. நூறு பேரில் பதினாறு பேர் அந்த மூன்று வருடத்தில் தப்பினார்கள். ஆனால் பாடுபட்டவர்களிலும் 39 பேருக்கு வருத்தம் வந்ததையும் நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் களவாக இனிப்புத் தின்றவர்கள் அல்லர்.

வருத்தம் வந்த பிறகு நடப்பதையும் அறிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேர் பங்கெடுத்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியிருந்தவர்களில், ஒன்பது வருட முடிவில் மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனை 7 வீதத்துக்குக் கீழ் இருந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்தான். இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் சக்தி வருடம் போகப் போகக் குறைகிறது. நேற்றுப் போதுமாக இருந்த கட்டுப்பாடு இன்று போதாமல் போவது அதனால்தான். வைத்தியர் குளிசையைக் கூட்டினாலோ, இன்சுலின் எழுதினாலோ, அதைத் தண்டனையாக எடுக்க வேண்டாம். சோர்ந்த மாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மாட்டைப் பூட்டுவது போன்றதுதான் அது.

அதே ஆய்வு நமக்கு ஒரு தைரியத்தையும் தருகிறது. அந்த மூன்று மாதச் சராசரி ஒரு வீதம் குறைந்தால், கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் சிறு இரத்தக் குழாய்கள் பழுதாகும் ஆபத்து ஏறத்தாழ 37 வீதம் குறைவாக இருந்தது. பத்திலிருந்து ஒன்பதுக்கு இறக்கியவர், “ஏழுக்கு வரவில்லையே” என்று கவலைப்படுகிறார். உண்மையில் அவர் பெரிய காரியம் செய்திருக்கிறார்.

எண் அசையாமல் நிற்கும்போது சரிபார்க்க வேண்டியவையும் உண்டு. குரக்கனும் சிவப்பரிசியும் நல்லவைதான், ஆனால் அவையும் மாச்சத்துத்தான். அளவு கூடினால் சீனியும் கூடும். சீனியை விட்டுவிட்டுப் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிப்பதில் பெரிய வேறுபாடில்லை. தேனும் அப்படியே. இழுப்புக்கோ மூட்டு வலிக்கோ தரப்படும் ஸ்டீரோய்ட் மருந்து சீனியைத் திடீரென ஏற்றும். ஆறாத புண், முரசு வீக்கம், சிறுநீர்க் கிருமித் தொற்று ஆகியனவும் ஏற்றும். யானைக்குக் காவலாக வயலில் இரவிரவாக விழித்திருப்பதும், மனக்கவலையும் ஏற்றும். இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் சீனி கூடியிருப்பதைக் கண்டு சிலர் திகைக்கிறார்கள். நாம் உண்ணாத நேரத்தில் ஈரல் சீனியை இரத்தத்தில் விடுகிறது என்பதே அதற்குக் காரணம்.

இன்சுலின் போடுபவர்கள் அதை வைத்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். வன்னி வெய்யிலில் தகரக் கூரையின் கீழ் வைத்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள், நிழலில் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் நீர் புகாதபடி மூடி வைக்கலாம். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் குளிசையைப் பாதியாக முறித்துப் போடப் பழகியவர்களும் நம்மிடையே உண்டு. அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சோதனையும் சில வேளை முழுக் கதையைச் சொல்வதில்லை. காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது அந்த நேரத்துச் சீனியை மட்டும் காட்டும். எச்.பி.ஏ.1சி என்ற சோதனைதான் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அவற்றில் படிந்த சீனியை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தலசீமியா இருந்தாலோ, அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைவாகவும் காட்டலாம். இரத்தச்சோகை நமது பெண்களிடம் பரவலாக இருக்கிறது. ஆகவே, “எனக்கு இரத்தம் குறைவா என்றும் பாருங்கோ” என்று கேட்பது உங்கள் உரிமை. மூன்று மாதச் சராசரி என்பதால், போன வாரம் தொடங்கிய நடைக்கு இந்த வாரமே பலன் தெரியவும் மாட்டாது. கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடப்பதால் அதை ஏமாற்றவும் முடியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எண்ணைக் குறைக்கும் அவசரத்தில், குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலையேறாதீர்கள், வயலிலும் இறங்காதீர்கள். சில மருந்துகளால் சீனி 70க்குக் கீழ் போய் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். மடியில் கொஞ்சம் சீனியோ குளுக்கோசோ இருக்கட்டும். மாலையில் பாதங்களைக் கழுவிப் பாருங்கள். அட்டை கடித்த இடமும் முள் குத்திய இடமும் நமக்குச் சிறிய விடயங்கள் அல்ல.

இவையெல்லாம் தொழிலாளி செய்ய வேண்டியவை. அவர் தனியாகச் செய்ய முடியாதவையும் இருக்கின்றன. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை, கூலி இல்லை. விடியப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் வைத்தியரைப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதிய கொப்பியோடு திரும்புகிறார். அந்த எண்ணின் பொருளை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. இப்படிப்பட்ட நிலையில் அவரை மட்டும் குறை கூறுவது யாருக்கு வசதி?

ஆகவே நாம் கேட்கிறோம். கிளினிக் நாளுக்குத் தோட்ட நிர்வாகங்கள் பேர் போட வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிகளிலும் மல்லாவி போன்ற ஊர்களின் கிராமங்களிலும் மாதம் ஒருமுறையாவது இலவசமாகச் சீனி பார்க்க வேண்டும். எச்.பி.ஏ.1சி சோதனைக்குத் தனியார் ஆய்வுகூடத்தில் பணம் கட்ட நமது மக்களைத் தள்ளக்கூடாது. முடிவுகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். நமது கிளைகளும் சும்மா இருக்கக்கூடாது. ஒரே நாளில் கிளினிக் உள்ளவர்கள் சேர்ந்து போகவும், வராதவரின் வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் ஒவ்வொரு கிளையும் இருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

சம்பளப் பேச்சுவார்த்தையின் முதல் சுற்றில் கேட்டது முழுவதும் நமக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதற்காக நாம் சங்கத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. எங்கே தடைப்பட்டது என்று பார்த்து, அடுத்த சுற்றுக்குப் பலத்தைக் கூட்டிக்கொண்டு போனோம். சீனி விடயத்திலும் அப்படித்தான் செய்ய வேண்டும். கொப்பியை எடுங்கள், அடுத்த திகதியைப் பாருங்கள், அன்றைக்குப் போய் “ஏன் இறங்கவில்லை?” என்று நிமிர்ந்து கேளுங்கள்.